கையில் 6,000 வெள்ளி: எந்தத் திறனை முதலில் கற்றுக்கொள்வது?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் அண்ணி வீட்டிலேயே முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு சுட்டு விற்கிறார். ஒன்பது வருடமாக நடக்கும் தொழில். பாலத்தைத் தாண்டி, பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் மூன்று கடைகளுக்கும் சரக்குப் போடுகிறார். போன தைப்பூசம் முடிந்த வாரம், பிள்ளைகள் தூங்கியபிறகு என்னை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, சேர்த்து வச்ச காசு 6,000 வெள்ளி இருக்கு. உங்க அண்ணன் மெஷின் வாங்குன்னு சொல்றாரு. எனக்கென்னவோ ஏதாவது கத்துக்கிட்டா நல்லதுன்னு தோணுது. எதைக் கத்துக்கலாம், சொல்லுங்க."

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம் ஆட்களில் சிறுதொழில் செய்யும் பலர் கடன் எங்கே கிடைக்கும், கடைவீடு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். முதலும் இடமும் முக்கியம்தான். ஆனால் ஒரே தெருவில், ஒரே அளவு முதலோடு தொடங்கிய இரண்டு கடைகளில் ஒன்று நிலைக்கிறது, மற்றொன்று இரண்டே வருடத்தில் ஷட்டரை இறக்கிவிடுகிறது. இலங்கை, வங்காளதேசம், கென்யா, நைஜீரியா உட்பட ஏழு நாடுகளின் சிறு முதலாளிகளிடம் 26 தொழில் பழக்கங்களைக் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. பக்கத்துக் கடை விலையைப் போய்ப் பார்ப்பது, விற்றதை எழுதி வைப்பது, எந்தச் சரக்கில் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்திருப்பது போன்ற சாதாரணப் பழக்கங்கள்தான் அவை. இவை அதிகம் இருந்த கடைகள் கூடுதலாக விற்றன. மூடாமல் தாக்குப்பிடித்ததும் அவையே அதிகம். ஆகவே அண்ணிக்குத் தோன்றியது சரிதான். எதை முதலில் கற்பது என்பதுதான் சிக்கல்.

அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. கேக் வகுப்புக்குப் போய்க் கைத்திறனை விரிக்கலாம். ஃபேஸ்புக், டிக்டாக்கில் விற்கக் கற்றுக்கொள்ளலாம். கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளலாம். அல்லது ஆள் வைத்து, அவர்களை நடத்தக் கற்றுக்கொள்ளலாம்.

அவர் மனம் சாய்ந்தது கேக் வகுப்பின் பக்கம். பத்து ஞாயிற்றுக்கிழமை, 1,800 வெள்ளி. நான் கொஞ்சம் தயங்கினேன். கைத்திறன் இல்லாமல் தொழில் இல்லை. முறுக்கு வாயில் வைத்ததும் நொறுங்காவிட்டால் மற்ற எந்தத் திறமையும் அதைக் காப்பாற்றாது. ஆனால் அண்ணி எண்ணெய் போடும் சத்தத்தைக் கேட்டே அடுப்பைக் குறைப்பவர். ருசி போதவில்லை என்று ஒரு வாடிக்கையாளரும் விலகிப் போனதில்லை. தெரிந்த வேலைக்குப் பக்கத்து வேலையைக் கற்பது இனிமையாக இருக்கும், பயமும் இருக்காது. அதனாலேயே நம்மில் பலர் அதைத் தேர்ந்தெடுத்து, பலவீனமான இடத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். கேக் வந்தால் புது ஓவன், புது டப்பா, இரண்டே நாளில் கெட்டுப்போகும் சரக்கு எல்லாம் கூடவே வரும். ஒருமுறை வாங்கியவர் திரும்ப வருவதில்லை என்றால் கைத்திறனில் காசு போடலாம். அண்ணியிடம் வாங்கியவர்கள் வருடம் தவறாமல் வருகிறார்கள்.

இந்த வழியில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் அதற்கான பயிற்சி எடுத்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் சொல்கின்றன. அண்ணி இரண்டையும் முடித்திருக்கிறார். வீட்டிலிருந்து சமைத்து விற்பவர்கள் வேறு எந்த வகுப்புக்கும் முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

அடுத்து கணக்கு. இதில்தான் எங்களுக்கு முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

"மாசம் எவ்வளவு நிக்குது அண்ணி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் போகுது தம்பி, கடைக்காரங்க மட்டும் வாரத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல எடுக்குறாங்க" என்றார். அது விற்ற தொகை, நின்ற தொகை இல்லை. சரி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 250 கிராம் முறுக்குப் பாக்கெட் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்தோம்.

கடைக்குக் கொடுக்கும் விலை 7 வெள்ளி. அரிசி மாவு, உளுந்து, எள், வெண்ணெய் எல்லாம் சேர்த்து 2 வெள்ளி 60 சென். எண்ணெயும் கேஸும் 1 வெள்ளி 10 சென். பாக்கெட், ஸ்டிக்கர் 60 சென். பாலத்து டோல், பெட்ரோல் பங்கு 50 சென். உதவிக்கு வரும் அக்காவுக்கு நாளுக்கு 70 வெள்ளி. நாளுக்கு 40 பாக்கெட் சுடுகிறார்கள் என்பதால் பாக்கெட்டுக்கு 1 வெள்ளி 75 சென். மொத்தம் 6 வெள்ளி 55 சென். மிச்சம் 45 சென்.

அதாவது எட்டு மணி நேரம் அடுப்படியில் நின்றால் அண்ணிக்கு நிற்பது 18 வெள்ளி. உதவிக்கு வருபவருக்கு அதே நாளில் 70.

இதோடு முடியவில்லை. கடைகளில் விற்காத பாக்கெட்டுகள் திரும்பி வரும். நாற்பதுக்கு ஐந்து என்று வைத்தாலும் 35 வெள்ளி போச்சு. அந்த நாள் 17 வெள்ளி நஷ்டத்தில் முடிகிறது. இதற்கு மாறாக, வீட்டுக்கே வந்து வாங்குகிறவர்கள் பாக்கெட்டுக்கு 10 வெள்ளி கொடுக்கிறார்கள். டோலும் பெட்ரோலும் கிடையாது, திரும்பி வருவதும் கிடையாது. பாக்கெட்டுக்கு 3 வெள்ளி 95 சென், நாளுக்கு 158 வெள்ளி. வாரத்தில் நான்கு நாள் கடைக்குச் சுடுகிறார், இரண்டே நாள் வீட்டு ஆர்டருக்கு. ஒன்பது வருடமாக அந்த இரண்டு நாள் சம்பாத்தியம்தான் குடும்பத்தையும் மற்ற நான்கு நாளையும் தாங்கியிருக்கிறது.

அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஒன்பது வருட உழைப்பு, வீங்கிய கால்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எங்கள் அம்மா வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அன்றைக்கு அது மூன்று பக்க நோட்டுப் புத்தகமாக எங்கள் முன்னால் கிடந்தது.

இதற்குக் கணக்கியல் டிப்ளோமா தேவையில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டொமினிக்கன் குடியரசில் சிறு வியாபாரிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. ஒரு குழுவுக்கு முறையான கணக்கியல் பாடம் நடத்தினார்கள். இன்னொரு குழுவுக்குச் சில எளிய விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்: கடைக் காசை ஒரு இழுப்பறையில் வை, வீட்டுக் காசை இன்னொன்றில் வை, இங்கிருந்து அங்கே எடுத்தால் எழுதி வை. முறையான பாடம் படித்தவர்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. எளிய விதிகளைப் பிடித்துக்கொண்டவர்களிடம் தெரிந்தது. இன்றைக்கு அந்த இழுப்பறை வேலையை ஒரு தனி வங்கிக் கணக்கும் அதற்கென, கைப்பேசி வழியே பணம் பெறும் ஒரு டுயிட்நவ் கியூஆர் குறியீடும் செய்துவிடும். அண்ணியின் கியூஆர் அதுவரை அண்ணனின் சொந்தக் கணக்கில்தான் இருந்தது. மோட்டார் தவணையும் முறுக்குக் காசும் ஒரே குட்டையில்.

கணக்கு இருந்தால் வேறு சில கதவுகளும் திறக்கும். வருமான வரிச் சட்டப்படி தொழில் பதிவேடுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்; தனி உரிமையாளர்கள் ஆண்டுதோறும் 'பி' படிவம் கொடுக்க வேண்டும். தெக்குன் என்ற அரசு நிதி அமைப்பு இந்தியத் தொழில்முனைவோருக்குத் தரும் ஸ்புமி கடனுக்கோ, இந்தியப் பெண்களுக்காகச் சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் 2024இல் தொடங்கிய 'பெண்' திட்டத்துக்கோ போகிறவர்களிடம் தொழில் எப்படி நடக்கிறது என்று கேட்பார்கள். அப்போது கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். எஸ்.எஸ்.எம். (நிறுவன ஆணையம்) பதிவே இல்லாமல் வருடக்கணக்கில் தொழில் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வியாபாரப் பெயரில் பதிய வருடத்துக்கு 60 வெள்ளிதான்.

இனி விற்பனைத் திறன். அண்ணன் மகள் "சித்தப்பா, அம்மாவோட முறுக்கை டிக்டாக்குல போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றாள். போகலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அப்படிச் செய்திருந்தால் எந்த ஆர்டர் கூடியிருக்கும்? கடை ஆர்டர் இரண்டு மடங்கானால் நஷ்டமும் இரண்டு மடங்கு. கணக்குக்குப் பிறகு விளம்பரம் என்று நான் வரிசை வைத்ததற்கு இதுவே காரணம்.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 852 சிறு தொழில்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2018இல் வெளிவந்தன. ஒரு பகுதியினருக்குச் சந்தைப்படுத்தல் மட்டும், இன்னொரு பகுதியினருக்கு நிதிக் கணக்கு மட்டும் கற்பித்தார்கள். இரு பக்கமும் லாபம் கூடியது, ஆனால் வெவ்வேறு பாதையில். விற்கக் கற்றவர்கள் விற்பனையைப் பெருக்கி, சரக்கு கூட்டி, ஆளும் சேர்த்தார்கள். கணக்குக் கற்றவர்கள் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்தார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. வெளி உலகத் தொழில்களை அதிகம் பார்த்திராதவர்களுக்குச் சந்தைப்படுத்தல் பாடம் கூடுதலாக உதவியது; ஏற்கெனவே காலூன்றியவர்களுக்குக் கணக்குப் பாடம் கூடுதலாக உதவியது. அண்ணி காலூன்றியவர். தொடங்கி மூன்று மாதமே ஆன ஒரு தையற்கடைக்காரி, அவர் இருப்பதே பக்கத்துத் தாமான் குடியிருப்புக்குத் தெரியாத நிலை என்றால், அவருக்கு நான் நேர்மாறாகத்தான் சொல்வேன்: முதலில் விற்கக் கற்றுக்கொள்ளுங்கள், கணக்குக்கு இரண்டு இழுப்பறை விதி போதும்.

விற்கும் திறன் என்றதும் எல்லோரும் வீடியோ எடுப்பதையே நினைக்கிறார்கள். நம் ஊரில் அதன் பெரும்பகுதி மொழி. முறுக்கு இங்கே தமிழர் பண்டமாக மட்டும் நிற்கவில்லை. மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் சாப்பிடுகிறார்கள். ஆனால் அண்ணியின் ஸ்டிக்கரில் தமிழும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே இருந்தன. இங்கே தயாராகும் உணவுப் பாக்கெட்டின் விவரம் மலாய் மொழியில் இருக்க வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறை. அதையாவது செய்தால் சட்டத்துக்கும் சட்டம், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அப்புறம் விலை சொல்லும் தைரியம். சொந்தக்காரர் கேட்டால் விலையைக் குறைப்பது, கடைக்காரர் முகம் சுளித்தால் பழைய விலைக்கே ஒத்துக்கொள்வது. இதை எந்த டிக்டாக் வகுப்பிலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். தன் பாக்கெட்டுக்கு 6 வெள்ளி 55 சென் ஆகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

ஆள் நடத்தும் திறனைப் பற்றி நினைக்கும்போது கோலாலம்பூர் செந்தூலில் ஏர்கோன் சர்வீஸ் செய்யும் என் பள்ளித் தோழன் ஞாபகம் வருகிறான். வேலையில் கெட்டிக்காரன். கணக்கும் எழுதுகிறான். வாடிக்கையாளருக்குக் குறைவில்லை. ஆனால் ஆள் நிற்பதில்லை. ஒரு வருடம் வேலை கற்று, வாடிக்கையாளர் எண்களையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி; 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் அதே. அதன்மேல் முதலாளி பங்காகச் சேமநிதி 13 விழுக்காடு, அது 221 வெள்ளி; தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ தனி. இவ்வளவு கொடுத்து வைத்த ஆள் போனால் வலிக்கத்தான் செய்யும். இவனுக்கு நான் எந்தக் கணக்கு வகுப்பும் சொல்ல மாட்டேன். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு, நன்றாகச் செய்தால் என்ன கூடும், இரண்டு வருடம் நின்றால் என்ன ஆகலாம் என்பதை எழுதி வைத்து, பையன்களோடு உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். மும்பை பக்கத்து நெசவாலைகளில் நிர்வாக முறைகளைச் சீராக்கியபோது முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 விழுக்காடு கூடியதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அவை பெரிய ஆலைகள், தோழனிடம் இருப்பதோ ஐந்து பேர். இருந்தாலும் ஆளைச் சேர்க்கும் ஒவ்வொருவரும் இந்தக் கட்டத்துக்கு வந்தே தீர வேண்டும். அண்ணிக்கு இன்னும் அது வரவில்லை.

இந்த நான்கையும் ஒரே ஆள் கற்க வேண்டுமா? முதலில் நானே இப்படி யோசிக்கவில்லை. லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) நடந்த காலத்தை நினைத்தபோதுதான் உறைத்தது. அந்தக் காலத்துக் கடைகளில் முதலாளிக்குப் பக்கத்தில் கணக்குப்பிள்ளை ஒருவர் இருப்பார். கணக்கு அவர் வேலை. இன்று சிறுதொழில் செய்யும் பெண்ணிடம் மட்டும் சுடு, விற்று வா, படம் எடு, வரி கட்டு என்று எல்லாவற்றையும் அவரே செய்யச் சொல்கிறோம். நைஜீரியாவில் நடந்து 2022இல் வெளியான ஒரு சோதனை இதையே கேட்டுப் பார்த்தது: முதலாளிக்கே வகுப்பு எடுப்பதா, ஆலோசகரை அனுப்புவதா, கணக்கு அல்லது விற்பனை தெரிந்த ஆளை அமர்த்திக்கொடுப்பதா, அந்த வேலையை வெளியே கொடுப்பதா? ஆளை அமர்த்தியதும் வெளியே கொடுத்ததும் வகுப்பை விட நல்ல பலன் தந்தன. ஆலோசகருக்கு ஆகும் செலவில் பாதியில், அதற்குக் குறையாத பலன்.

இதைப் படித்ததும் "அப்படியென்றால் எதையும் கற்க வேண்டாம், ஆளிடம் கொடுத்துவிடலாம்" என்று அண்ணன் உடனே சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பாக்கெட்டுக்கு என்ன ஆகிறது என்பதைத் தொழில் செய்பவர் தன் கையால் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகு மாதாந்திரப் பதிவையும் வரிப் படிவத்தையும் வெளியே கொடுக்கலாம். அடிப்படை தெரியாமல் கொடுத்தால், வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே நமக்குப் புரியாது.

வகுப்புகளில் எளிதில் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. தொகோ நாட்டின் தலைநகரில் 1,500 சிறு முதலாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான தொழில் பாடமும், இன்னொரு பிரிவுக்கு முனைந்து செயல்படும் மனப்பழக்கமும் கற்பித்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை. வாய்ப்பைத் தேடிப் போவது, யாரும் சொல்லுமுன் தொடங்குவது, தடங்கல் வரும் என்று முன்னாலேயே எண்ணி வழி வைத்திருப்பது ஆகியவை அந்தப் பயிற்சி. 2017இல் வந்த முடிவில் முனைப்புப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு கூடியிருந்தது. வழக்கமான பாடத்தில் தெரிந்த 11 விழுக்காடு, தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான். இலங்கையில் தொழில் செய்யும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும், பயிற்சி மட்டுமே அவர்கள் லாபத்தைக் கூட்டவில்லை என்றே தெரிந்தது. சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுத் திங்கட்கிழமை பழையபடியே அடுப்பை மூட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆகவே எந்த வகுப்பைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: முடித்த மறுவாரம் எந்த ஒரு வேலையை வேறு மாதிரி செய்யப்போகிறீர்கள்? பதில் இல்லை என்றால் காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அண்ணி முடிவெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். கேக் வகுப்பு இந்த வருடம் வேண்டாம். கணக்கு எழுதுவதை முதல் இரண்டு மாதம் அவரே செய்தார், நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வொரு இரவும் பத்து நிமிடம். அப்புறம் பிறையில் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் ஒரு பெண்ணிடம் மாதம் 150 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டார், வருடத்துக்கு 1,800. படம் எடுப்பதற்கும் ஆர்டர் வாங்குவதற்கும் 600 வெள்ளியில் இரண்டு நாள் வகுப்பு, மகளோடு சேர்ந்து போனார். பாக்கெட் ஒட்டும் மெஷினும் மலாய் விவரத்தோடு புது ஸ்டிக்கரும் 900. மிச்சம் 2,700 வெள்ளியைத் தொழில் கணக்கிலேயே விட்டிருக்கிறார், தீபாவளிச் சரக்கு மொத்தமாக வாங்குவதற்கு.

இப்போது மூன்று நாள் வீட்டு ஆர்டருக்குச் சுடுகிறார், மூன்று நாள் கடைக்கு. கடைக்காரர்களிடம் 8 வெள்ளி 50 சென், திருப்பி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த விலைக்கு நாளுக்கு 78 வெள்ளி நிற்கும். இரண்டு கடைகள் ஒத்துக்கொண்டன. மூன்றாவது கடை, அவருடைய மிகப் பழைய கடை, இன்னும் பதில் சொல்லவில்லை. போனில் கேட்டால் இழுத்துக்கொண்டே போகும், நேரிலேயே போய்க் கேட்டுவிடுகிறேன் என்கிறார். வியாழக்கிழமை ஃபெரியில் கிளம்புகிறோம். நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்.